இந்தா என்னும் பெயர்

தமிழில் நாயைக் குறிக்கும் சொற்கள் பல. ஞமலி, ஞாளி எனச் சங்கப் பாடல்கள் அதனைச் சுட்டுகின்றன. பிற்காலத்து அடியார்கள் இறைவன்முன் தம்மைத் தாழ்த்திக் கூற விழைந்தபோது ‘நாயேன்’ என்றனர். தெருச்சண்டையில் ஒருவரை இழித்துரைக்கவும் அச்சொல்லே இன்றளவும் முதலில் வந்து நிற்கிறது. நாலடியாரோ வேறொரு நோக்கில் பேசுகிறது. நெடுநாள் பழகிய பாகனையே கொல்லக்கூடியது யானை. தன்மீது எறியப்பட்ட வேல் உடலில் தைத்து நிற்கும்போதும் வாலைக் குழைப்பது நாய். ஆகவே யானை போன்றவரை விடுத்து நாய் போன்றவரின் நட்பையே கொள்க என்பது அந்நூலின் அறிவுரை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. போரில் வீழ்ந்த வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்பதும் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளன.

கோவிவனுக்கு வாய்த்த பேறு எல்லா நாய்களுக்கும் வாய்ப்பதில்லை. பெரும்பாலானவை பெயரின்றிப் பிறந்து, பெயரின்றியே சாலையோரத்தில் மடிகின்றன. திருச்சிராப்பள்ளியை அடுத்த அரியமங்கலத்தில், தஞ்சாவூர் நெடுஞ்சாலையின் ஓரமாக ஓர் ஆடி மாதத்துக் காலையில் அடிபட்டுக் கிடந்த செவலை நிறப் பெண்நாயும் அவ்வாறு மடிந்திருக்க வேண்டியதுதான்.

பொன்மலை இரயில்வே பணிமனையில் ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், மிதிவண்டியில் அவ்வழியே வந்தார். நீலகிரி மலை இரயிலின் நீராவி எஞ்சின்களைச் செப்பனிடும் புகழ்பெற்ற பணிமனை அது. எந்தப் பழுதையும் ‘இனி ஆகாது’ என்று தூக்கி எறியும் வழக்கம் அங்குப் பணிபுரிந்தவர்களுக்கு எளிதில் வருவதில்லை. நாயின் வலப் பின்னங்கால் முறிந்து தொங்கியது. கண்கள் மட்டும் திறந்திருந்தன. அவர் விலங்குகள் காப்பகம் ஒன்றுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை வெயில் படாதவாறு தம் குடையை அதன்மேல் பிடித்துக்கொண்டு நின்றார். அதோடு அவர் கடமை முடிந்திருக்கலாம். முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அது பிழைத்ததா என்று பார்த்துவரக் காப்பகத்துக்குச் சென்றார். அதற்கடுத்த ஞாயிறும் சென்றார்.

இரண்டு மாதங்களில் கால் கூடியது. ஆனால், நேராகக் கூடவில்லை. அதற்குக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, அதற்கு அடையாளமாகக் காதின் நுனியில் சிறு வெட்டும் இட்டிருந்தனர். இனி அடுத்தது என்ன என்று பெரியவர் வினவியபோது, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவதுதான் விதி என்றனர். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அவ்வாறே கூறுகின்றன. அவ்விதி காரணமின்றி ஏற்பட்டதன்று. ஓரிடத்து நாய்களை அகற்றினால் புதிய நாய்கள் அங்கு வந்து சேரும். தடுப்பூசியும் கருத்தடையும் பெற்றவை தம் எல்லையிலேயே இருந்தால் புதியவை நுழைவது குறையும். ஆயினும், நொண்டிக் காலோடு நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய நாய்க்கு அவ்விதி எத்தனை நாள் வாழ்வைத் தரும்? பெரியவர் தத்தெடுப்புப் படிவத்தில் கையொப்பமிட்டார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையொப்பமிட்டிருக்கலாம் என்பது, ஆட்டோவில் பாதி வழி வந்த பிறகே அவருக்குத் தோன்றியது.

பொன்மலைப்பட்டியில் உள்ள அவருடைய வீட்டு வாசலில் அம்மையார் நின்றிருந்தார். ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கியது கயிறு, பிறகு பெரியவர், இறுதியில், வரும் வழியெல்லாம் வாந்தியெடுத்துத் துவண்டிருந்த நாய். அம்மையார் ஒன்றும் சொல்லாமல் இரண்டடி பின்னால் நகர்ந்தார். நாற்பது ஆண்டு இல்வாழ்க்கையில் அவர் நாய் இருக்கும் தெருவில் தனியாக நடந்ததில்லை. நாயைக் கண்டால் எதிர்ப்புறம் ஒதுங்குவார். ஏன் என்று கேட்டால், “பழக்கமில்லைங்க” என்பார். அதற்குமேல் பெரியவர் கேட்டதும் இல்லை.

அன்று இரவு அம்மையார் மூன்று நிபந்தனைகளை விதித்தார். நாய் கொல்லைப்புறத்தோடு நிற்க வேண்டும். வீட்டுப்படி ஏறக் கூடாது. அதைத் தொடும்படி தம்மை யாரும் வற்புறுத்தக் கூடாது. அது ஒருமுறை பல் பதித்தாலும், மறுபேச்சின்றி வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும். பெரியவர் மூன்றுக்கும் இசைந்தார்.

நாய், நிபந்தனை எதுவும் தேவைப்படாத அளவுக்கு ஒடுங்கியிருந்தது. கொல்லையில் துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி உண்டு. அதற்குள் புகுந்தது, மூன்று நாள் வெளியே வரவில்லை. வாலைக் கால்களுக்கிடையே செருகி, காதுகளைத் தலையோடு படியவைத்து, அடிக்கடி தன் உதட்டையே நக்கிக்கொண்டு கிடந்தது. உறக்கம் வராத வேளையில் கொட்டாவி விட்டது. பார்ப்பவர்க்கு இவை சோம்பலாகத் தோன்றும். உண்மையில் இவை அச்சத்தின் குறிகள். வாலாட்டும் நாய் எல்லாம் மகிழ்கிறது என்று கொள்வதும் இத்தகைய பிழையே. 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, தன் வளர்ப்பாளரைக் காணும் நாயின் வால் வலப்பக்கமாக மிகுதியாக அசைகிறது. அறிமுகமற்ற, தன்னை அடக்கக்கூடிய நாயைக் காணும்போது இடப்பக்கம் மிகுகிறது. ஆனால், இந்த நாயிடம் இடமும் இல்லை, வலமும் இல்லை. வால் வெளியே வந்தால்தானே அசைவதற்கு!

காப்பகத்தார் ஒரு கணக்குச் சொல்லி அனுப்பியிருந்தனர். புதிய வீட்டுக்கு வரும் நாய்க்கு முதல் மூன்று நாள் திகைப்பு. மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை புரியும். மூன்று மாதத்தில் அது தன் வீடு என்று நம்பும். எல்லா நாய்க்கும் இக்கணக்குப் பொருந்தும் என்பதில்லை. ஆனாலும், அவசரப்படுவோரைக் காத்திருக்கச் செய்வதற்கு இது உதவுகிறது. பெரியவர் காத்திருந்தார். காலையும் மாலையும் கல்லுக்குச் சற்றுத் தள்ளி, நாய்க்கு நேராக அல்லாமல் பக்கவாட்டில் திரும்பி, தரையில் அமர்ந்து நாளிதழை வாய்விட்டுப் படித்தார். கண்ணோடு கண் நோக்குவதை அஞ்சிய நாய் மிரட்டலாகவே கொள்ளும் என்பதைக் காப்பகத்தில் கற்றிருந்தார். அரசியல் செய்தியிலிருந்து வரிவிளம்பரம் வரை அந்த நாய் கேட்டது. அவர் நாளிதழை மடக்கும் ஓசைக்குக்கூட முதலில் துள்ளியது. ஐந்தாம் நாள் துள்ளவில்லை.

ஆனால், உணவிடும் பொறுப்பு எப்படியோ அம்மையாரிடம் வந்துசேர்ந்தது. புரட்டாசி மாதமாதலால் அவ்வீட்டில் முட்டைகூடப் புழங்குவதில்லை. காப்பகத்தார் எழுதிக்கொடுத்த முட்டையைப் பெரியவர் மொட்டைமாடியில் தனி அடுப்பு வைத்து அவித்தார். மற்றபடி தயிர்சோறுதான். தெருநாய்க்கு மிஞ்சிய சாம்பார்ச் சோற்றைக் கொட்டுவது நம் வீடுகளில் பரம்பரை வழக்கம். வெங்காயம் நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது என்று கால்நடை மருத்துவர் சொன்னதை அம்மையார் கேட்டார். நாயை அவருக்குப் பிடிக்காது. ஆனால், தம் கையால் போட்ட சோறு ஓருயிருக்குக் கேடு செய்வதையும் அவரால் ஏற்க முடியவில்லை. அன்று முதல், சின்ன வெங்காயச் சாம்பார் வைக்கும் நாள்களில் வெறுஞ்சோறு ஒரு கிண்ணம் தனியே எடுத்துவைக்கப்பட்டது.

பின்கட்டு வாசலில் நின்றபடி, கையை முடிந்தவரை நீட்டித் தட்டைத் தரையில் வைப்பார். “இந்தா” என்பார். உடனே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கதவு சாத்தும் ஓசை கேட்டபின் நாய் கல்லின் மறைவிலிருந்து வெளிவந்து தின்னும். இருவரும் ஒருவருக்கொருவர் அஞ்சினர். ஆகவே ஏற்பாடு ஒழுங்காக நடந்தது.

பெரியவர் அதற்கு ‘மணி’ என்று பெயரிட்டிருந்தார். தமிழ்நாட்டில் இரண்டு நாய்களைக் கண்டால் ஒன்றுக்கு மணி என்று பெயர் இருக்கும். பேத்தி சென்னையிலிருந்து தொலைபேசி வழியே வேறு பெயர்களைப் பரிந்துரைத்தாள். எந்தப் பெயருக்கும் அது திரும்பவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒருநாள், பெரியவர் கூடத்திலிருந்து மனைவியை அழைத்தார். அத்தலைமுறைக் கணவர் பலரைப் போல அவரும் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “இந்தா, கொஞ்சம் தண்ணி கொண்டா” என்பதே அவர் வழக்கம். அன்று அம்மையார் சொம்போடு வருவதற்குள், பின்கட்டு வாசற்படியின் வெளியே ஒரு செவலை முகம் எட்டிப் பார்த்தது. காதுகள் நிமிர்ந்திருந்தன. ‘இந்தா’ என்பது தன்னைத்தான் என்று அது முடிவு செய்துவிட்டிருந்தது.

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை. “என்னை நாப்பது வருசமா கூப்பிட்ட பேரு. அதையும் அதுக்குக் கொடுத்தாச்சா?” என்றார். அதன்பின் அவ்வீட்டில் இந்தா என்று குரல் எழுந்தபோதெல்லாம் இருவர் திரும்பிப் பார்த்தனர்.

நாய்கள் மாந்தரோடு வாழத் தொடங்கி எத்தனை காலம் ஆயிற்று என்பதை நிலத்தைத் தோண்டித்தான் அறிய வேண்டியுள்ளது. ஜெர்மனியில் ஓபர்கசல் என்னுமிடத்தில் 1914இல் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழியில் மனித எலும்புகளோடு நாயின் எலும்பும் இருந்தது. காஷ்மீரத்தின் பூர்ஜஹோமிலும் புதிய கற்காலத்து மக்கள் தம் இறந்தோருடன் நாய்களைப் புதைத்துள்ளனர். இத்தனை நெடிய உறவிலும், தெருவில் பிறந்த நாய் எதைக் கொண்டு ஒரு மனிதரை நம்புகிறது என்ற வினாவை நம் நாட்டு ஆய்வாளர்கள் அண்மையில்தான் எழுப்பினர். கொல்கத்தாவை ஒட்டிய இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தோர் தெருநாய்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2017இல் வெளியாயிற்று. மீண்டும் மீண்டும் உணவு தந்தவரைவிட, மீண்டும் மீண்டும் தலையைத் தடவிக் கொடுத்தவரையே அவை மிகுதியாக நம்பின. பசித்த உயிர் சோற்றைத்தான் நாடும் என்று எண்ணுவோருக்கு இது வியப்பாக இருக்கும். பெரியவரின் வீட்டில் சோறிட்டவர் ஒருவர்; தடவிக் கொடுத்தவர் மற்றொருவர். நாய் இருவரையும் தனித்தனியே கணக்கில் வைத்திருந்தது போலும். பெரியவரின் கால்மாட்டில் படுத்தது. ஆனால், பின்கட்டு வாசற்படிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டுதான் படுத்தது.

ஐப்பசியில் தீபாவளி வந்தது. காலை 6 முதல் 7 மணி வரை, மாலை 7 முதல் 8 மணி வரை எனப் பட்டாசு வெடிக்க அரசு நேரம் வரையறுத்திருக்கிறது. தெருவில் கடிகாரம் பார்த்து வெடித்தவர் எவருமில்லை. மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே உணரும். நாயின் செவி அதைப்போல் இருமடங்குக்கும் மேல் உணரும். அன்று மாலை தெருமுனையில் ஒரு சரவெடி வெடிக்கத் தொடங்கியதும், இந்தா கொல்லையிலிருந்து பாய்ந்து, விலக்கப்பட்ட படியைத் தாண்டி, அடுக்களை வழியே ஓடி, கூடத்துக் கட்டிலின் அடியில் புகுந்தது. அம்மையார் அலறினார். பெரியவர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். மனைவியின் அலறலைக் கேட்ட பதற்றத்தில், கட்டிலுக்கடியில் கையை விட்டு, நாயின் கழுத்துக் கயிற்றைப் பற்றி இழுத்தார். மூலையில் மாட்டிய உயிர் கையை அறியாது. அவருடைய புறங்கையில் இரண்டு பற்கள் இறங்கின.

கடித்த மறுநொடியே நாய் விட்டுவிட்டது. சுவரோடு ஒட்டிக்கொண்டு, சிறுநீர் கழித்து, நடுங்கியது. பெரியவர் கையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். மூன்றாவது நிபந்தனை இருவருக்கும் நினைவில் இருந்தது.

அம்மையார் ஒன்றும் பேசவில்லை. கணவரின் கையைப் பற்றிக் கொல்லைக் குழாயடிக்கு இழுத்துச் சென்றார். குழாயை முழுதாகத் திறந்து, துணி சோப்பை எடுத்துக் காயத்தில் தேய்த்துக் கழுவினார். பெரியவர் போதும் என்று கையை இழுத்தபோதும் விடவில்லை. “பதினஞ்சு நிமிசம் கழுவணும். பேசாம நில்லுங்க.” கூடத்துக் கடிகாரம் தெரியும்படி கதவைக் காலால் தள்ளித் திறந்துவைத்துக்கொண்டு, முள்ளைப் பார்த்தபடியே கழுவினார். இது அவருக்கு எவ்வாறு தெரியும் என்று பெரியவர் வியந்தார்.

அப்போதுதான் அம்மையார் சொன்னார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன், ஊரில், அவருக்குப் பன்னிரண்டு வயது. தம்பிக்கு ஒன்பது. வாய்க்கால் கரையில் ஒரு குட்டி நாயோடு தம்பி விளையாடினான். கெண்டைக்காலில் ஒரு கீறல்; குருதி அதிகம் இல்லை. சொன்னால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்று தம்பி அஞ்சினான். அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். அக்கா வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவிவிட்டாள். இரண்டு மாதம் கழித்து அவனால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் இறந்துபோனான். யாரிடமும் சொல்லாதே என்று வாங்கிய சத்தியத்தை அக்கா காப்பாற்றிவிட்டாள். பெற்றோர் இறக்கும்வரை அவர்களிடமும் அவள் சொல்லவில்லை.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் அதன்பின் கையை இழுக்கவில்லை.

அன்றிரவே அரசு மருத்துவமனைக்குச் சென்றனர். குருதி கசிந்த காயமாதலால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத ஊசியும், இரு மேற்கைகளின் தோலிலும் தடுப்பூசியும் போட்டனர். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் மீண்டும் வர வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தனர். தொப்புளைச் சுற்றிப் போடும் அந்தப் பழைய ஊசி இப்போது இல்லையா என்று அம்மையார் வினவினார். நரம்புத் திசுவிலிருந்து செய்யப்பட்ட அம்மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004ஆம் ஆண்டின் இறுதியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இந்நாள் ஊசி தோலில் எறும்பு கடித்தாற்போல முடிந்துவிடுகிறது. தம் கணவருக்கு ஊசி போடுவதை அவர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்பது வயதுச் சிறுவன் அஞ்சியதற்கு இனிக் காரணமில்லை என்று அவனிடம் யார் போய்ச் சொல்வது?

நாயைக் குறித்து மருத்துவர் ஒன்று கூறினார். தடுப்பூசி பெற்ற நாய்தான் என்றாலும் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். கடித்த வேளையில் நாயின் உமிழ்நீரில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால் பத்து நாளுக்குள் நாய் நோயுற்று இறந்துவிடும். பத்து நாளும் நலமாக இருந்தால் அந்தக் கடியால் அந்நோய் வராது. நடத்தையில் மாற்றம், வாயில் நீர் ஒழுகுதல், விழுங்க இயலாமை, நடையில் தள்ளாட்டம், குரைப்பு மாறுதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். ஆகவே, உடனே திருப்பி அனுப்பவும் இயலாது. பதினோராம் நாள் காப்பகத்தில் விட்டுவிடுவதாகப் பெரியவர் தாமாகவே சொன்னார். அம்மையார் தலையசைத்தார்.

கண்காணிக்கும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். கணவரின் மீது அவருக்கு நம்பிக்கை இல்லை. நாயின்மேல் உள்ள பரிவில் எதையேனும் மறைத்துவிடுவார் என்று ஐயுற்றார். மறைப்பதன் விலை அவருக்குத் தெரியும். நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் ஒவ்வொரு நாளும் குறித்துவைத்தார். நடையில் தள்ளாட்டம் உண்டா என்று அறிய வேண்டுமானால், தள்ளாடாதபோது அந்த நாய் எப்படி நடக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அது ஏற்கெனவே நொண்டி. ஆகவே அவர் கொல்லைப் படியில் முக்காலியைப் போட்டு அமர்ந்து அதன் நடையைப் பார்த்தார். காலையில் கால் விறைத்து, விரல் நுனி மட்டும் தரையைத் தொடும். வெயில் ஏறிய பிறகு பாதம் முழுதும் படியும். திரும்பும்போது எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பும். குரைப்பு மாறியதா என்று அறிய, அது குரைப்பதைக் கேட்க வேண்டியிருந்தது. பால்காரருக்கு ஒரு குரைப்பு, பூனைக்கு இரண்டு, கணவர் மிதிவண்டியில் வரும்போது குரைப்பே இல்லை, தொண்டைக்குள் ஒரு முனகல். நாற்பது நாளாகச் சோறிட்டவர் அந்த நாயை முதன்முதலாகப் பார்த்தது இப்போதுதான்.

நான்காம் நாள் காலை, இந்தா தண்ணீர்க் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு விலகிச் சென்றது. சற்றுநேரம் கழித்து மீண்டும் வந்து, முகர்ந்து, விலகியது. அம்மையாருக்குக் கை கால் ஓடவில்லை. பெரியவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். தண்ணீரைக் கண்டு அஞ்சுவது மனிதருக்குரிய குறி என்றும், நாய்க்குத் தொண்டை செயலிழப்பதால் விழுங்க முடியாமற் போகும் என்றும் மருத்துவர் விளக்கியிருந்தார். விளக்கங்கள் எதுவும் அப்போது அவருடைய நினைவுக்கு வரவில்லை. ஓலைப்பாயில் கிடந்து, சொம்பைக் கண்டு முகத்தைத் திருப்பிய சிறுவன்தான் வந்தான்.

அவர் படியிறங்கினார். அதுவரை அந்த நாய்க்கு அவ்வளவு அருகில் அவர் சென்றதில்லை. வாயோரத்தைப் பார்த்தார். உலர்ந்திருந்தது, நீர் ஒழுகவில்லை. கிண்ணத்தைக் கையிலெடுத்தார். அப்போதுதான் மணம் அவருக்கே எட்டியது. முந்தைய இரவு, நோய்க்கு அஞ்சி, அந்தக் கிண்ணத்தை எலுமிச்சை மணமுள்ள பாத்திர சோப்பால் மூன்று முறை தேய்த்து வைத்தவர் அவரே. மனித மூக்குக்கே எட்டும் மணம், நாயின் மூக்கில் எப்படி இருந்திருக்கும்? பழைய மண்சட்டி ஒன்றை எடுத்து, கழுவி, கிணற்று நீரை ஊற்றிக் கீழே வைத்தார். “இந்தா” என்றார். உள்ளே போகவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. அவர் அங்கேயே நிற்பதை நாய் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு சட்டி காலியாகும்வரை குடித்தது. நாள்காட்டித் தாளில் அன்று, ‘தண்ணீர் குடித்தது’ என்று எழுதி, அதன்கீழ் இருமுறை கோடிட்டிருந்தார்.

மீதி ஆறு நாளும் கழிந்தன. பதினோராம் நாள் காலை, பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு, தத்தெடுப்புப் படிவத்தையும் தடுப்பூசிச் சான்றையும் ஓர் உறையில் இட்டு எடுத்துக்கொண்டார். கழுத்துக் கயிற்றைக் கட்டும்போது நாய் தடுக்கவில்லை. கடிபட்ட கையைத்தான் நக்கியது. தெருவில் ஆட்டோ வந்து நின்று ஒலியெழுப்பியது.

அம்மையார் அடுக்களையிலிருந்து வெளியே வந்தார்.

“எதுக்கு ஆட்டோ?”

“பதினோராம் நாள் ஆச்சே.”

“உங்களுக்கு இருபத்தெட்டாம் நாள் ஊசி பாக்கி இருக்கே. அதுக்குள்ள என்ன அவசரம்? அது முடியட்டும், பார்க்கலாம்.”

பத்து நாள் கடந்தபின் அந்த ஊசிக்கும் நாய்க்கும் தொடர்பில்லை என்பது இருவருக்கும் தெரியும். பெரியவர் எதிர்வாதம் செய்யவில்லை. ஆட்டோக்காரரிடம் வந்த கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இருபத்தெட்டாம் நாள் மருத்துவமனைக்குச் சென்று வந்தனர். திரும்பி வந்தபின் அப்பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

மார்கழி பிறந்தது. கொல்லையில் பனி இறங்கியதால் முறிந்த கால் காலையில் கூடுதலாக விறைத்தது. அடுக்களை வாசலின் உட்புறம், அடுப்பின் வெம்மை எட்டும் இடத்தில், பழைய கோணிப்பை ஒன்று விரிக்கப்பட்டது. விரித்தவர் யார் என்று பெரியவர் கேட்கவில்லை. விடியலில் அம்மையார் கோலமிடச் செல்லும்போது இந்தாவும் நொண்டியபடி உடன் சென்று, ஈரத் தரையில், சரியாகப் புள்ளி வைக்கும் இடத்திலேயே படுத்துக்கொள்ளும். முதல் இரண்டு நாள் அம்மையார் அதட்டி எழுப்பினார். மூன்றாம் நாள் முதல், அது முதலில் எங்கே படுக்கிறது என்று பார்த்துவிட்டுப் புள்ளி வைக்கத் தொடங்கினார்.